கையை பாக்கெட்ல போடுங்க பாஸ்!

காலேஜ் கல்ச்சுரல்ஸ். ராக் பேண்ட் ரவுண்டு ஆரம்பிக்கப் போகுது. முடியைச் சிலுப்பிக்கிட்டு மேடைக்கு வர்ற கிடார் பையன் மேலதான் எல்லார் கண்ணும். அவன் காலுக்குப் பின்னாடி, தரையில் சமத்தா உட்கார்ந்திருக்கே ஒரு பெட்டி... அதை யாராவது பார்க்குறீங்களா? மாட்டீங்க. ஆனா உங்க நெஞ்சுக்குள்ள போய் இடிக்கிற அந்தச் சத்தத்துல பாதி கிடாரோடது, மீதிப் பாதி அந்தப் பெட்டியோடது!

அந்தப் பெட்டிக்குப் பேர் ஆம்ப். ஆம்ப்ளிஃபயர்ங்கிறதோட செல்லப் பேர். இப்போ கிடைக்கிற ஆம்ப்கள்ல பெரும்பாலும் சிப், டிரான்சிஸ்டர், சாஃப்ட்வேர்தான் இருக்கு. ஆனா அறுபது வருஷப் பழைய ஆம்ப் ஒண்ணோட முதுகுப் பக்கம் எட்டிப் பாருங்க. கண்ணாடிக் குப்பிகள் வரிசையா நிற்கும். ஸ்விட்ச் போட்டா அரை நிமிஷம் ஒரு சத்தமும் வராது. அப்புறம் குப்பிக்குள்ள மெதுவா ஆரஞ்சு வெளிச்சம் கசியும். கோயில் பிராகாரத்துல யாரோ ஒவ்வொரு விளக்கா ஏத்திக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும். அதைப் பார்த்து மயங்கி, சால்டரிங் அயர்னோட உட்கார்ந்தவங்க உலகம் பூரா இருக்காங்க. செத்துப்போன ஆம்பை எழுப்பி உட்கார வைக்கிறதுதான் அவங்க வேலை. அந்த வேலையைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் ஷாக் அடிக்கும், ரெடியா?

தாத்தாவோட குப்பி

உங்க வீட்டுப் பரண்ல வால்வு ரேடியோ இருக்கா? தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க. ‘ஆன் பண்ணிட்டு பல் தேய்ச்சிட்டு வந்தா நியூஸ் ஆரம்பிச்சிருக்கும்’னு சொல்வார். அதே வால்வுதான் இது. அமெரிக்காக்காரன் ‘ட்யூப்’ங்கிறான், இங்கிலாந்துக்காரனும் நம்ம ரேடியோ மெக்கானிக்கும் ‘வால்வு’ங்கிறாங்க. வால்வுங்கிற பேர்தான் எனக்குப் பிடிக்கும். ஏன்னா அது செய்யுறது குழாயைத் திறந்து மூடுற வேலையேதான்.

காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குப்பி. நடுவுல ஒரு கம்பி சூடாகி, கேதோடுங்கிற குழாயைச் சூடாக்கும். சூடான கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். வெளியே பிளேட்டுன்னு ஒரு தகடு, அதுல நூத்துக்கணக்கான வோல்ட். எலெக்ட்ரான்கள் அதை நோக்கி ஓடும். நடுவுல கிரிட்னு ஒரு சல்லடை. கிடாரிலிருந்து வர்ற துளியூண்டு சிக்னலை அந்தச் சல்லடைக்குக் கொடுத்தா, அது ஆட ஆட எலெக்ட்ரான் கூட்டம் கூடும், குறையும். சின்ன சிக்னல் பெருசாயிடுச்சு, அவ்வளவுதான்! 1904-ல் ஃப்ளெமிங் ரெண்டு முனை வால்வைச் செஞ்சார். 1906-ல் டி ஃபாரஸ்ட் அதுல மூணாவது முனையைச் சேர்த்தார். 1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது. மத்த பெரும்பாலான துறைகள்ல வால்வுக்கு மெல்ல மெல்ல சங்கு ஊதியாச்சு. கிடார்க்காரங்க விடலை.

ஏன் விடலை?

ஓட்டை ஸ்பீக்கர், உலக ஹிட்

இங்கேதான் சுவாரஸ்யம். ஆம்ப் செஞ்ச இன்ஜினீயர்கள் ராத்திரி பகலா உழைச்சது, சத்தம் துளி கூடக் கிழியாம சுத்தமா வரணும்னு. கிடார் வாசிச்ச பசங்க ஆசைப்பட்டதோ, சத்தம் கிழியணும்னு! 1951-ல் ‘ராக்கெட் 88’ பாட்டை ரெக்கார்ட் பண்ணப் போனப்போ வழியில ஆம்ப் அடிபட்டு, ஸ்பீக்கர் காகிதம் கிழிஞ்சு, உள்ளே பேப்பரைத் திணிச்சு வாசிச்சாங்கன்னு ஒரு கதை உண்டு. அந்த கரகரப்புதான் பாட்டோட அழகாப் போச்சு. லிங்க் ரே 1958-ல் ‘ரம்பிள்’ பாட்டுக்காக பென்சிலால ஸ்பீக்கரைக் குத்தினார். ‘தி கிங்க்ஸ்’ பேண்டோட டேவ் டேவிஸ் ஒரு படி மேலே போய், பிளேடை எடுத்துக் கிழிச்சே விட்டார். 1964-ல் ‘யூ ரியலி காட் மீ’ ஹிட். பிராக்டிகல் லேப்ல நாம அப்படிச் செஞ்சா ஃபைன் கட்டச் சொல்வாங்க!

நல்ல வேளை, எல்லாரும் பிளேடு எடுக்க வேண்டியதில்லை. வால்வுக்குத் தாங்க முடியாத அளவு சிக்னல் கொடுத்தா, அலையோட உச்சியை அது மெதுவா மழுக்கும். டிரான்சிஸ்டர் கத்தி வெச்ச மாதிரி சட்டுனு வெட்டிடும். மழுங்கின அலை காதுக்கு கனமா, இனிப்பா கேட்கும், வெட்டுப்பட்ட அலை எரிச்சலாக் கேட்கும். மெல்ல வாசிச்சா சுத்தமா வரும், அழுத்தி வாசிச்சா உறுமும். விரலோட அழுத்தத்துக்கு பதில் சொல்ற பெட்டி. இதுல மந்திரம் மாயம் எதுவும் இல்லை. ‘வால்வுக்கு ஆத்மா இருக்கு’ன்னு உருகுறவங்களைப் பார்த்தா எனக்கு சிரிப்புதான் வரும். ஆனா வாசிச்சுப் பார்த்துட்டு, ‘ஒண்ணும் வித்தியாசம் இல்லையே’ன்னு எழுந்து போன கிடாரிஸ்ட்டை நான் பார்த்ததில்லை.

இந்த வரலாறே ரிப்பேர் கடையிலதான் தொடங்குது. லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊர்ல 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவர். அவருக்குக் கடைசி வரைக்கும் கிடார் வாசிக்கத் தெரியாது! கடைக்கு வந்த இசைக்காரங்களோட ஆம்பைப் பிரிச்சு மேய்ஞ்சு, தானே செய்ய ஆரம்பிச்சார். அவர் ஆம்பைப் பிரிச்சா, உள்ளே பார்ட்ஸ் எல்லாம் ஒரு அட்டையில வரிசையா, கை போற மாதிரி இருக்கும். ரிப்பேர் பண்ணினவனுக்குத்தான் ரிப்பேர் பண்றவனோட கஷ்டம் தெரியும்.

கடல் தாண்டி, மேற்கு லண்டன்ல ஜிம் மார்ஷல்னு ஒரு டிரம்மர். டிரம்ஸ் வாத்தியார், 1960-ல் கடை போட்டார். கடைக்கு வர்ற பசங்க ‘அமெரிக்க ஆம்ப் வேணும், விலை கட்டுப்படியாகலை’ன்னு புலம்ப, 1962-ல் கென் பிரான், டட்லி கிரேவன்கிற ரெண்டு பேரோட சேர்ந்து ஃபெண்டர் ‘பாஸ்மேன்’ ஆம்போட சர்க்யூட்டை அப்படியே பார்த்து ஒண்ணு செஞ்சார். அதுதான் ஜேடிஎம் 45. அதே சர்க்யூட்தான், ஆனா முதல் வால்வு வேற, டிரான்ஸ்ஃபார்மர் வேற, ஸ்பீக்கர் வேற. சத்தமும் வேற ஆயிடுச்சு! அந்த வித்தியாசத்துலதான் பிரிட்டிஷ் ராக் பிறந்தது. 1966-ல் ஜான் மேயால் ஆல்பத்துல எரிக் கிளாப்டன் வாசிச்சது இந்தக் குடும்பத்து ஆம்ப்தான். பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதினவன் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கின கதை.

ஒத்தக் கை போதும்டே!

சரி, வேலைக்கு வருவோம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சீரியஸ்.

செகண்ட் இயர் படிக்கிறப்போ ஊர்ல பரண் மேல கிடந்த வால்வு ரேடியோவை நானே சரி பண்ணிடலாம்னு இறங்கினேன். கடைசி வால்வை மட்டும் கழட்டி வெச்சுட்டு ஆன் பண்ணிப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கலை. ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கி, டீ குடிச்சிட்டு வந்து தைரியமா உள்ளே கை விட்டேன். அடுத்த நொடி சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். தோள்பட்டை வரைக்கும் மரத்துப் போச்சு. பிளக்தான் கழட்டியாச்சே, கரண்ட் எங்கேருந்து வந்தது?

தெருமுனையில ரேடியோ கடை வெச்சிருந்த அண்ணாச்சிகிட்ட போய்க் கேட்டேன். அவர் சிரிக்கலை. “கண்டன்சர் தேக்கி வச்சிருந்துருக்குடே. வால்வைக் கழட்டிட்டேல்லா... அப்ப சார்ஜ் எந்த வழியா எறங்கும்? உன் வழியாத்தான் எறங்கும்!”ன்னார். அப்புறம் என் இடது கையைப் பிடிச்சு என் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே திணிச்சு, “உசிரோட்டம் உள்ள செட்டுல ஒத்தக் கைதான் உள்ள போணும். ரெண்டு கையும் போச்சுன்னா கரண்டு நெஞ்சு வழியா போவும். வெளங்குதா?”

விளங்குச்சு. கிடார் ஆம்ப்ல நிலைமை இன்னும் மோசம். சின்ன ஆம்ப்லயே 300 வோல்ட்டுக்கு மேல டி.சி. இருக்கும். பெரிய ஆம்ப்ல 450-ஐத் தாண்டும். ஆஃப் பண்ணின பிறகும் ஃபில்டர் கண்டன்சர் அதை விழுங்கி வெச்சுக்கிட்டு காத்திருக்கும். அதனால பிளக்கைப் பிடுங்கு, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணை ரெண்டு பக்கமும் கிளிப் வெச்சு கண்டன்சருக்கும் சேஸிஸுக்கும் நடுவுல மாட்டு, அரை நிமிஷம் விடு, மீட்டர் வெச்சு பூஜ்யம்னு கண்ணால பாரு. அப்புறம்தான் கை. ஸ்க்ரூ டிரைவரை வெச்சு ‘பட்டார்’னு ஷார்ட் பண்ற வீரம் எல்லாம் வேண்டாம்.

இன்னொரு எமன், அமெரிக்க ஆம்போட ரெண்டு பின் பிளக். பழைய ஆம்ப் பலதுல எர்த்தே கிடையாது. அதுக்கு பதிலா மெயின்ஸ் ஒயரிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கண்டன்சர் போட்டிருப்பாங்க. அது ஷார்ட் ஆனா மெயின்ஸ் கரண்ட் நேரா கிடார் கம்பிக்கு வந்துடும். கையில கிடாரும் உதட்டுல எர்த் ஆன மைக்கும்... நெனைச்சுப் பாருங்க. அமெரிக்க டெக்னீஷியன்கள் அதுக்கு வெச்ச பட்டப்பேரே ‘டெத் கேப்’! எவ்வளவு அபூர்வமான ஆம்பா இருந்தாலும் அந்தக் கண்டன்சரை வெட்டி எறிஞ்சுட்டு மூணு பின் ஒயர் போடுறதுதான் முதல் வேலை. இதுல ‘ஒரிஜினாலிட்டி போயிடும்’னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம். அமெரிக்க ஆம்ப் 117 வோல்ட்டுக்குச் செஞ்சது. வெளிநாட்டு மாமா கொண்டு வந்தாருன்னு நேரா 230-ல சொருகினா டிரான்ஸ்ஃபார்மருக்கு அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டியதுதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அதுலயும் ஒரு சிக்கல். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஸ்டெப்-டவுன் வோல்ட்டை மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது. அதனால ஆம்போட டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கொஞ்சம் கூடுதலாவே சூடாகும். முதல் நாள் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருங்க (வெளியே மட்டும்!).

பெஞ்ச் மேல ஒரு குட்டிப்பயல்

ஃபெண்டர் ‘சேம்ப்’னு ஒரு குட்டி ஆம்ப். 1950களோட கடைசியில வந்த 5எஃப்1 மாடலை எடுத்துக்குவோம். மூணே வால்வு, எட்டு இஞ்ச் ஸ்பீக்கர், ஒரே ஒரு வால்யூம் திருகு. அஞ்சு வாட்ஸ் சுமார் பவர். மாணவர்கள் கிளாஸுக்கு எடுத்துட்டுப் போறதுக்கான பெட்டி இது. ஆனா 1970-ல் கிளாப்டனோட ‘லைலா’ ஆல்பத்துல உறுமுறது இந்தச் சுண்டெலிதான்னு சொல்வாங்க. கத்துக்கிறதுக்கு இதைவிட எளிமையான சர்க்யூட் கிடையாது.

பெட்டி வந்ததும் ஸ்விட்ச்ல கை வைக்காதீங்க. முதல்ல துப்பறியும் வேலை! உள்ளே ஒட்டியிருக்கிற வால்வு சார்ட்ல ரெண்டு எழுத்து முத்திரை இருக்கும். முதல் எழுத்து வருஷம். ‘ஏ’ன்னா 1951, ‘பி’ன்னா 1952, இப்படியே போகும். ரெண்டாவது எழுத்து மாசம். ‘ஹெச் சி’ன்னு இருந்தா 1958 மார்ச். இப்போ ஸ்பீக்கர் மேல பாருங்க. முதல் மூணு எண் கம்பெனி. 220-ன்னா ஜென்சன், 465-ன்னா ஆக்ஸ்ஃபோர்டு. அடுத்த எண் வருஷத்தோட கடைசி இலக்கம், அதுக்கப்புறம் எத்தனையாவது வாரம். 465809-ன்னா ஆக்ஸ்ஃபோர்டு, ’58, ஒன்பதாவது வாரம். அதாவது பிப்ரவரி கடைசி. சரியா வருதே! டிரான்ஸ்ஃபார்மர்ல 606 இருந்தா ஷூமேக்கர் கம்பெனி. ஒண்ணு மட்டும் பத்து வருஷம் தள்ளி இருந்தா, நடுவுல யாரோ மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். அறுபது வருஷத்துக்கு முந்தின ஒரு பொருள், ‘நான் இந்த வாரம் பொறந்தேன்’னு சொல்லுது பாருங்க... எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்ச அரை மணி நேரம் இதுதான்.

அடுத்து மூக்கு. கருகின வாசனை டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து வந்தா பர்ஸ் காலி. அடுத்து கண். வால்வோட தலையில உள்பக்கமா கண்ணாடி மாதிரி வெள்ளிப் பூச்சு தெரியும். அது பால் மாதிரி வெளுத்திருந்தா உள்ளே காற்று புகுந்துடுச்சு, அந்த வால்வு அவுட். கண்டன்சர் வாய்ப்பக்கம் கசிஞ்சு பிசின் மாதிரி உறைஞ்சிருக்கும், அதையும் குறிச்சுக்குங்க.

முதல் தடவை கரண்ட் கொடுக்கிறப்போ நம்ம ரேடியோ மெக்கானிக்குகளோட பிரம்மாஸ்திரம், சீரிஸ் லேம்ப். 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒண்ணை 230 வோல்ட் லைன்ல, ஸ்டெப்-டவுனுக்கு முன்னாடி சீரிஸா போடுறது. எல்.இ.டி. பல்பு ஆகாது, இழை உள்ள பழைய குண்டு பல்புதான் வேணும். ஆம்ப்ல எங்கேயாவது ஷார்ட் இருந்தா பல்பு பளிச்னு முழுசா எரியும், கரண்ட்டை பல்பு வாங்கிக்கும், ஆம்ப் பிழைக்கும். எல்லாம் சரின்னா ஒரு நொடி மின்னிட்டு மங்கிடும். அந்த மங்கலுக்காக மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நிப்போம் பாருங்க, செமஸ்டர் ரிசல்ட் பார்க்கிறப்போ கூட அப்படி நின்னதில்லை.

பெரும்பாலும் மாட்டுற குற்றவாளிகள் ரெண்டே பேர். மூத்தவன் ஃபில்டர் கண்டன்சர். உள்ளே ஈரப்பசை இருக்கிற ஜாதி இது. இருபது முப்பது வருஷத்துல காய்ஞ்சிடும். அறுபது வருஷம் ஆனதை ‘இன்னும் ஓடுதே’ன்னு விட்டு வைக்கிறது முட்டாள்தனம். அது ஷார்ட் ஆனா டிரான்ஸ்ஃபார்மரையும் ரெக்டிஃபயரையும் கூட்டிக்கிட்டுத்தான் போகும். சேம்ப்ல 16, 8, 8 மைக்ரோ ஃபாரட்னு மூணு, 450 வோல்ட். பிளஸ் மைனஸ் மாறாம மாத்திடணும். மாத்திப் போட்டா வெடிக்கும்.

இளையவன் கப்ளிங் கண்டன்சர். 0.02 மைக்ரோ ஃபாரட், பார்க்க சாது. இவன் வேலை என்னன்னா, முதல் வால்வோட பிளேட்டிலிருந்து பாட்டை மட்டும் அடுத்த வால்வுக்கு அனுப்பிட்டு, அங்கே இருக்கிற பெரிய டி.சி. வோல்ட்டேஜை வாசல்லயே நிறுத்துறது. வயசாயிட்டா வாட்ச்மேன் கண்ணயர்ந்துடுவார். டி.சி. கசியும். பவர் வால்வான 6வி6-ஓட அஞ்சாவது பின், அதாவது கிரிட்ல மீட்டரை வெச்சா பூஜ்யம் காட்டணும். ரெண்டு மூணு வோல்ட் பிளஸ்ல காட்டினா அவன்தான் ஆள். அப்படியே விட்டா வால்வுக்குள்ள கரண்ட் எகிறி, பிளேட் செக்கச் செவேல்னு பழுக்கும். நடுவுல தெரியிற ஆரஞ்சு வெளிச்சம் நார்மல். கண்ணாடி ஓரமா நீலமா தெரியிறதும் பல பவர் வால்வுகள்ல நார்மல்தான். தகடே சிவந்தா மட்டும் உடனே ஆஃப்!

அப்புறம் பழைய கார்பன் ரெசிஸ்டர்கள். வருஷம் ஆக ஆக மதிப்பு ஏறிக்கிட்டே போகும். 100 கிலோ ஓம்னு எழுதியிருக்கும், அளந்தா 130. ரொம்பத் தள்ளிப் போனதை மட்டும் மாத்துங்க. வால்வு சாக்கெட், வால்யூம் திருகு இதுக்கெல்லாம் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சாலே பாதி ‘கர்ர்’ போயிடும். ஸ்பீக்கர் காகிதம் லேசாக் கிழிஞ்சிருந்தா டிஷ்யூ பேப்பரும் தண்ணி கலந்த வெள்ளைப் பசையும் போதும்.

வேலை முடிஞ்சதும் ஒரு ஸ்கூல் கணக்கு. 6வி6-ஓட எட்டாவது பின்லேர்ந்து சேஸிஸுக்கு 470 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு. அதுல 19 வோல்ட் இருந்தா, 19-ஐ 470-ஆல வகுங்க. 40 மில்லி ஆம்பியர். பிளேட்டுக்கும் கேதோடுக்கும் நடுவுல 300 வோல்ட்னா, 300 பெருக்கல் 0.040. 12 வாட்ஸ். 6வி6 தாங்குறது எவ்வளவு? 12 வாட்ஸ்! விளிம்புல நிக்குது. அந்தக் காலத்து இன்ஜினீயர்களுக்கு எவ்வளவு தைரியம் பாருங்க. ஓம் விதியை பரீட்சைக்கு மட்டும் படிச்ச எனக்கு, அது ஒரு வால்வோட உயிரைக் காப்பாத்தும்னு தெரிஞ்சப்போ உண்மையிலேயே வெட்கமா இருந்தது.

ஹம்மைக் கேளு, நோயைச் சொல்லு

இதோ கிடார் தெரிஞ்சவங்களுக்கு ஒரு ட்ரிக். ஆம்ப் ‘ம்ம்ம்’னு முனகுதா? தடிமனான ‘ஈ’ கம்பியை மூணாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்க. அது 98 ஹெர்ட்ஸ். ஹம் அதோட சேர்ந்து போச்சுன்னா அது 100 ஹெர்ட்ஸ், அதாவது ரெக்டிஃபயருக்குப் பின்னாடி இருக்கிற ஃபில்டர் கண்டன்சர் காய்ஞ்சு போச்சு. அதுக்கு ஒரு ஸ்தாயி கீழே கேட்டா 50 ஹெர்ட்ஸ். அப்போ கண்டன்சரை விட்டுட்டு எர்த், கேபிள், ஹீட்டர் ஒயர் பக்கம் தேடுங்க. அமெரிக்காவுல 60 ஹெர்ட்ஸ்ங்கிறதால அவங்களுக்கு இந்த ட்ரிக் வேற ஃபிரெட்!

‘டிங்... டிங்’னு மணி மாதிரி சத்தம் வந்தா குச்சி ஐஸ் குச்சி எடுத்து ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டுங்க. எதைத் தட்டினா ஸ்பீக்கர்ல கேட்குதோ, அது உள்ளுக்குள்ள ஆட்டம் கண்டு மைக் மாதிரி வேலை செய்யுது. பென்சில் வேண்டாம், அதோட கரி மின்சாரம் கடத்தும். இன்னொண்ணு, வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாம ஆன் பண்ணி வாசிக்கவே கூடாது. நாம பயன்படுத்துற டிரான்சிஸ்டர் ஆம்ப் அதைப் பொறுத்துக்கும். இது பொறுக்காது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும்.

மாத்தலாமா, கூடாதா?

இந்த வேலை செய்யுறவங்க நடுவுல ஓயாத சண்டை இதுதான். ஒரு கோஷ்டி, ‘எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் புதுசு போடு, சத்தம் சரியா வரணும்’னு சொல்லும். இன்னொரு கோஷ்டி, ‘ஒரு ஸ்க்ரூ மாறினாலும் அது பழைய ஆம்ப் இல்லை’ன்னு சொல்லும். ரெண்டாவது கோஷ்டி சொல்றதுல பண விஷயமும் இருக்கு. 1965 ஜனவரியில ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கிச்சு. அதுக்கு முந்தின ஆம்ப்னாலே விலை தனி. உள்ளே ஒவ்வொரு ஒரிஜினல் பார்ட்டுக்கும் மதிப்பு உண்டு.

நான் எந்தக் கட்சின்னு கேக்கறீங்களா? காய்ஞ்ச கண்டன்சர், எர்த் இல்லாத ஒயர் எல்லாம் தேயுற டயர் மாதிரி. மாத்தித்தான் ஆகணும். டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், துணி, மரம் இதையெல்லாம் முடிஞ்ச வரைக்கும் தொடாதீங்க. அழுக்கு துணியைப் பிரிச்சுப் புதுசு ஒட்டினா பெட்டி அழகாயிடும், ஆனா யாரோ ஒரு பப்ல விஸ்கி கிளாஸ் வெச்ச வட்டத் தழும்பு போயிடும். அப்புறம் அதை எங்கே போய் வாங்குறது? கழட்டின பார்ட்ஸை மட்டும் தூக்கிப் போடாம, ஒரு கவர்ல போட்டு, தேதி எழுதி, பெட்டிக்குள்ளேயே வெச்சுடுங்க. இன்னும் முப்பது வருஷம் கழிச்சுத் திறக்கிறவன் உங்களைத் திட்ட மாட்டான்.

குப்பிக்கு எங்கே போறது?

அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பெரிய வால்வு ஃபேக்டரிகள் 1980களுக்குள்ள ஏறக்குறைய எல்லாம் மூடியாச்சு. இன்னிக்கு உலகத்து கிடார் ஆம்ப்களுக்கு தீனி போடுறது ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனான்னு விரல் விட்டு எண்ணுற ஃபேக்டரிகள்தான். 2022 மார்ச்ல ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டப்போ சரதோவ் நகரத்து ஃபேக்டரியிலேர்ந்து வர்ற வால்வு கொஞ்ச நாள் நின்னது. உடனே உலகம் முழுக்க கிடாரிஸ்ட்டுகள் ரேஷன் கடை மாதிரி வரிசையில நின்னு வாங்கி பதுக்கினாங்க. விலையும் ஏறிச்சு. எங்கேயோ நடக்கிற போர், எவனோ ஒருத்தன் கராஜ்ல வாசிக்கிற ப்ளூஸ் மேல வந்து விடியுது.

நமக்கும் இதுல ஒரு சின்னப் பங்கு உண்டு. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-லேர்ந்து ரேடியோ வால்வு தயாரிச்சது. ‘பெல்’ முத்திரையோட ஈசிசி83, ஈஎல்84 எல்லாம் நம்ம வீட்டு ரேடியோவுக்காகச் செஞ்சது. அதே நம்பர் வால்வுகள்தான் மார்ஷல்லயும் வாக்ஸ் ஏசி30-லயும் இருக்கு. இப்போ வெளிநாட்டு டெக்னீஷியன்கள் பிரிக்காத பெட்டியோட அதைத் தேடி வாங்குறாங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா, பழைய கடையில ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. மூலையில ஒரு அட்டைப்பெட்டி இருக்கலாம்.

ஆர்வம் வந்துடுச்சா? அப்படியே ஃபெண்டரைத் தேடி ஓடாதீங்க. பெரிய வோல்ட்டேஜ்ல முதல் நாளே இறங்கவும் வேண்டாம். முதல்ல பேட்டரியில ஓடுற எஃபெக்ட்ஸ் பெடல் ஒண்ணை நீங்களே சால்டர் அடிச்சுப் பழகுங்க. அப்புறம் ஒரு வயசான ரேடியோ மெக்கானிக்கைப் பிடிங்க. உங்க ஊர்ல நிச்சயம் ஒருத்தர் இருப்பார், இப்போ செல்போன் ரீசார்ஜ் கடை நடத்திக்கிட்டிருப்பார். ‘வால்வு செட் பார்த்திருக்கீங்களா அண்ணாச்சி?’ன்னு கேளுங்க, முகம் மாறும். அவர் பக்கத்துல இல்லாம வீட்டு ரேடியோவைத் திறக்காதீங்க. அதுலயும் ‘யு’ எழுத்துல தொடங்குற வால்வு உள்ள ரேடியோக்கள்ல டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, சேஸிஸே மெயின்ஸ்ல இருக்கும். அதை அவரே தொட யோசிப்பார்.

என்னோட ரேடியோ கதை பாக்கி இருக்கே! அண்ணாச்சி கடைக்கு ஏழு ஞாயித்துக்கிழமை போனேன். ஃபில்டர் கண்டன்சர் ரெண்டு, கப்ளிங் ஒண்ணு, மெயின்ஸ் ஒயர், அவர் டப்பாவிலேர்ந்து ஒரு ஈஎல்84. கடைசி ஞாயிறு சாயங்காலம் சீரிஸ் லேம்ப் மின்னிச்சு, மங்கிச்சு. தூசி சூடாகுற வாசனை வந்தது. முதல்ல ‘உஸ்ஸ்’ன்னது, அப்புறம் ஒரு கரகரப்பு, அதுக்கு நடுவுல திருச்செந்தூர் பக்கத்து ஏதோ ஒரு ஊரோட மழை அளவை ஒரு அம்மா வாசிச்சுக்கிட்டிருந்தாங்க. அண்ணாச்சி வால்யூமைக் கொஞ்சம் ஏத்தினார். அப்போதான் கவனிச்சேன், அவர் இடது கை அந்த நேரத்துலயும் சட்டைப் பாக்கெட்டுக்குள்ளதான் இருந்தது.